10 மீற்றர் எயார் றைபிள் வாங்கும் முன்: யாழ்ப்பாணத்தில் தொடங்குபவர்களுக்கான முழு வழிகாட்டி

இலக்குச் சுடுதலுக்கு றைபிள் தேடத் தொடங்குபவர்கள் முதலில் பெயர்களைத்தான் கேட்பார்கள். எந்தக் கொம்பனி, எந்த மொடல், எவ்வளவு வேகம். ஆனால் புள்ளிகளைத் தருவது இரண்டு பொருத்தங்கள்: குழலுக்கும் பெலட்டுக்கும் (சுடும் சிறு ஈயக் குண்டு) உள்ள பொருத்தம், கட்டைக்கும் (தோளிலும் கன்னத்திலும் பொருந்தும் பகுதி) உங்கள் உடம்புக்கும் உள்ள பொருத்தம். இவை இரண்டும் அமைந்த பாவித்த றைபிள் ஒன்று, இரண்டும் அமையாத புத்தம் புதியதை எந்த நாளும் வெல்லும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் காசு கொடுக்கும் முன்னரே சோதித்துக்கொள்வதற்காகத்தான்.

ஒவ்வொரு சுடுக்குப் பிறகும் தானாக அடுத்ததை ஏற்றும் செமி ஒட்டோமற்றிக் நல்லதில்லையா என்று பலர் கேட்பதுண்டு. 10 மீற்றர் எயார் றைபிளில் ஒவ்வொரு பெலட்டையும் கையால்தான் ஏற்ற வேண்டும். அது போட்டி விதி. 50 மீற்றர் றைபிளிலும் அப்படியே. ஒலிம்பிக்கில் தானாக மறு ரவை ஏறும் ஆயுதத்தை 25 மீற்றர் பிஸ்டல் போட்டிகளில் காணலாம். விதியை விட்டாலும் காரணம் இருக்கிறது. பெலட்டின் பின்பாவாடை, அதாவது பின்பக்கத்து விரிந்த விளிம்பு, மிக மெல்லிய ஈயம். மகசினுக்குள் தள்ளுண்டு சற்று நசிந்தாலே அது குழலில் கோணலாக உட்காரும். விரலால் ஒவ்வொன்றாக வைப்பதைவிடத் துல்லியமான ஏற்றும் முறை இன்னும் வரவில்லை.

முதற்படி: கடதாசி

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதும் இறக்குமதி செய்வதும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தோடு சம்பந்தப்பட்ட விடயம். எயார் றைபிள் விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணி எதையும் தொடங்க வேண்டாம். முதலில் கச்சேரிக்குப் போய், எந்த வகைக்கு எந்த அனுமதி, பாதுகாப்பு அமைச்சிடம் எதைப் பெற வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவுள்ள சுடுதல் கழகம் ஒன்றில் சேர்ந்து அதன் மூலம் போவதே நேரான வழி. முதல் ஆறு மாதம் கழகத்தின் றைபிளிலேயே பழகுவது இன்னும் நல்லது. அதற்குள் உங்கள் நிலை உருவாகிவிடும், எந்த அளவுக் கட்டை வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது பயணப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வரட்டும் என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். இறக்குமதி அனுமதி கையில் இல்லாமல் கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ வந்து இறங்கினால் றைபிள் பறிபோவது சிறிய இழப்பு. அதைக் கொண்டுவந்தவர் வழக்குக்கு அலைவதுதான் பெரிய இழப்பு.

எங்கள் அயலில் துப்பாக்கி என்ற சொல்லுக்கே ஒரு பாரம் உண்டு. அதை மதிக்க வேண்டும். பூட்டுள்ள கடினப் பெட்டி, அனுமதியின் பிரதி, கழக அடையாள அட்டை மூன்றும் இல்லாமல் றைபிளோடு வீதியில் இறங்கக் கூடாது. பெட்டி திறந்த நிலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவது நினைக்கவே கூடாதது.

இரண்டாம் படி: எவ்வளவு துல்லியம் தேவை என்று கணக்குப் போடுங்கள்

இலக்கின் 10ஆம் புள்ளி 0.5 மி.மீ. அகலமுள்ள ஒரு பொட்டு. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 5 மி.மீ. கூடிக்கொண்டே போகும்: 9 என்பது 5.5 மி.மீ., 1 என்பது 45.5 மி.மீ. பெலட்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் ஓரம் பொட்டைத் தொட்டாலே 10 என்பதால், பெலட்டின் நடு இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். தசமப் புள்ளியில் ஒவ்வொரு 0.1க்கும் 0.25 மி.மீ. நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால் 10.6; 0.25 மி.மீ.க்குள் என்றால் உச்சமான 10.9. போட்டியில் 60 சுடுகள், ஆகக்கூடியது 654.

இந்தக் கணக்குத்தான் றைபிளை அளக்கும் கோல். தாங்கியில் வைத்துச் சுடும்போது பத்துப் பெலட்டும் நடுவுக்கு நடு 2 மி.மீ. வட்டத்துக்குள் விழுந்தால், அந்த றைபிள் உங்களுக்கு இழப்பு எதையும் தராது. 4 மி.மீ.க்கு விரிந்தால், நீங்கள் பிழையில்லாமல் சுட்ட சுடும் 10.2க்கு இறங்கும், எங்கே பிழைத்தோம் என்று தேடித் தேடி மனம் சோர்ந்துவிடும். தொடக்கக்காரருக்கு மலிவான றைபிள் போதும் என்ற பேச்சு இந்த இடத்தில்தான் கெடுதல் செய்கிறது. பழகுபவருக்குத்தான் பொய் சொல்லாத றைபிள் வேண்டும்.

விதியில் கவனிக்க வேண்டிய வேறு எண்கள் இரண்டு: விட்டம் 4.5 மி.மீ., குறிகளோடு (குறிபார்க்கும் உறுப்புகள்) சேர்த்து றைபிளின் நிறை 5.5 கிலோவுக்கு மேற்படக் கூடாது.

மூன்றாம் படி: எந்த வகை அமுக்கம்

சுருள்வில் றைபிள்கள் சுடும்போது உள்ளே கனமான பிஸ்டன் பாயும். பெலட் குழலை விட்டுப் போகும் முன்னரே முழு றைபிளும் அசைந்துவிடும். பிடி சிறிது மாறினாலும் விழும் இடம் மாறும். சந்தையில் அதிகம் காணப்படும், வேகத்தைப் பெரிதாக எழுதி விற்கும் வகை இதுதான். இலக்குச் சுடுதலுக்கு அது வேண்டாம். பெய்ன்வேர்க்பாவு 300எஸ் போன்ற பழைய போட்டி றைபிள்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் மேற்பகுதி முழுவதும் தண்டவாளத்தில் பின்னால் வழுக்கி அதிர்வை விழுங்கிவிடும்.

பக்க நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அடைக்கும் வகை, பெய்ன்வேர்க்பாவு 600 வரிசையைப் போன்றவை, யாழ்ப்பாணச் சூழலுக்கு நன்றாகப் பொருந்தும். சிலிண்டர் இல்லை, நிரப்பும் தொல்லை இல்லை. பாவித்ததாக நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். குறை ஒன்றுதான்: ஒவ்வொரு சுடுக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும், பதின்ம வயதினருக்கு 60 சுடு முடியும்போது தோள் ஓய்ந்துவிடும்.

கரியமில வாயுவில் இயங்கும் பழைய றைபிள்கள் மலிவாக வரும். வாங்க வேண்டாம். 20 பாகையில் அந்த வாயுவின் அமுக்கம் ஏறத்தாழ 57 பார் (பார் என்பது அமுக்கத்தை அளக்கும் அலகு). 30 பாகையில் 72 பார். 31 பாகைக்கு மேல் அது திரவமாக இருக்கவே முடியாத நிலைக்குப் போய், அமுக்கம் வேகமாக ஏறத் தொடங்கும். எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலையில் சரிசெய்த குறி மத்தியானம் பொய்யாகிவிடும்.

இன்றைக்குப் போட்டிகளில் எல்லோர் கையிலும் இருப்பது அமுக்கக் காற்றுச் சிலிண்டர் றைபிள். 200 பாரில் நிரப்பினால் சிலிண்டரின் அளவைப் பொறுத்து 200 சுடுக்கு மேல் போகும். உள்ளே உள்ள றெகுலேட்டர் ஒவ்வொரு சுடுக்கும் ஒரே அளவு காற்றை விடும். பெய்ன்வேர்க்பாவு 800, வால்தர் எல்ஜி400, அன்ஷூட்ஸ் 9015, ஸ்டேயரின் போட்டி வரிசை எல்லாமே இந்த வகை. இவற்றுக்குள் எது துல்லியம் என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. எல்லாமே மனிதக் கையைவிட நேராகச் சுடும்.

காற்று எங்கே நிரப்புவது?

வாங்கும் முன் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது. ரயர் கடைக் கொம்பிரசர் 10 பார் அளவிலேயே நின்றுவிடும், அது உதவாது. சுழியோடிகளின் சிலிண்டர் 200 பாருக்கு நிரப்பப்படுவது. கடலட்டைக்குச் சுழியோடுபவர்களுக்கு நிரப்பும் உயரமுக்கக் கொம்பிரசர் கைக்கெட்டினால், வடிகட்டி ஒழுங்காக மாற்றப்படுகிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஈரமான காற்று உள்ளே போனால் றெகுலேட்டரில் துருப்பிடிக்கும். கைப்பம்பும் உண்டு, ஆனால் உப்பங்காற்றின் ஈரம் முழுவதும் அதனூடாகத்தான் போகும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி பூட்டாமல் அடிக்காதீர்கள். பம்ப் சூடாகத் தொடங்கியதும் நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெல்டிங் கடையில் இருக்கும் ஒட்சிசன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது. தலைப்புப் பொருந்தினாலும், கடைக்காரர் செய்து தருகிறேன் என்றாலும் கூடாது. உயரமுக்க ஒட்சிசன் சிறுதுளி எண்ணெயைத் தொட்டாலே வெடிக்கும். சுடும்போது உங்கள் முகம் றைபிளின் சிலிண்டருக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இதே காரணத்தால் சிலிண்டர் வாயிலோ ஓ-றிங்கிலோ (காற்றுக் கசியாமல் அடைக்கும் றப்பர் வளையம்) தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. சிலிக்கோன் கிறீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் ஒட்டுமளவுக்கு.

நான்காம் படி: கட்டை உங்களுக்குப் பொருந்துகிறதா

இதற்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். அவசரப்பட்டு முடிவெடுக்கும் இடம் இதுவல்ல. சுடும்போது போடும் தடித்த கோட்டை (ஜக்கெட்டை) அணிந்துகொண்டுதான் அளக்க வேண்டும். கோட்டின் துணி ஒரு மடிப்புக்கு 2.5 மி.மீ. வரை தடிப்பாக இருக்கலாம். சேட்டோடு அளந்து சரிசெய்த கட்டை கோட்டோடு நீளமாகிவிடும். வெக்கைக்குக் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பழகும் பழக்கம் இங்கே அதிகம், அதனாலேயே போட்டியன்று எல்லாம் மாறிப்போகிறது.

நீளத்திலிருந்து தொடங்குங்கள். தோள் தட்டைத் தோளில் வைத்துப் பிடியைப் பிடித்தால், சுட்டுவிரலின் முதல் மூட்டின் மெத்தைப் பகுதி ட்ரிகரில் நேராக விழ வேண்டும். விரலை நீட்டியோ மடக்கியோ தேட வேண்டியிருந்தால் நீளம் பிழை. நீளம் கூடினால் முதுகு பின்னால் வளையும், குறைந்தால் கழுத்து முன்னால் நீளும். இரண்டிலும் இருபதாவது சுடுக்குப் பிறகு நடுக்கம் தொடங்கும்.

அடுத்தது கன்னத் தாங்கி. கண்ணை மூடுங்கள். றைபிளைத் தூக்கித் தலையை அதன் பாரத்தோடு தாங்கியில் இளைப்பாற விடுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால், பின் டயொப்டர் (சிறு துளையுள்ள பின் குறி) துவாரத்தின் நடுவில் முன் குறிக் குழாய் சுற்றிலும் ஒரே அளவு வெளிச்ச வளையத்தோடு தெரிய வேண்டும். மேலே வெளிச்சம் கூடினால் தாங்கி பதிந்திருக்கிறது, கீழே கூடினால் உயர்ந்திருக்கிறது, பக்கத்தில் கூடினால் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். கண்ணைத் திறந்த பிறகு தலையை நகர்த்திச் சரிசெய்வது ஏமாற்று. அந்த நகர்வை 60 தடவையும் ஒரே மாதிரிச் செய்ய எவராலும் முடியாது. ஐந்து தடவை மூடித் திறந்து, ஐந்திலும் நடுவில் வரும்வரை திருகுங்கள்.

பிறகு சமநிலை. நின்ற நிலையில் இடக்கை முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். பாரத்தைத் தாங்குவது எலும்பாக இருக்க வேண்டும், தசையாக அல்ல. பாரம் இடக்கைக்கு மேலோ சற்று முன்னாலோ நிற்பது நல்லது. முன்பக்கம் அதிகம் கனத்தால் இடுப்பு நோகும், பின்பக்கம் கனத்தால் குழல் வாய் ஆடும். பெரிய போட்டி றைபிள்களில் நிறைகளை நகர்த்தலாம். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு 5 கிலோ றைபிளைக் கொடுத்து முதுகைக் கெடுக்காதீர்கள். அவர்களுக்கென 4 கிலோவுக்குக் குறைந்த இளையோர் மொடல்கள் இருக்கின்றன. இடக்கைக்காரர் என்றால் கட்டை, பிடி, ஏற்றும் நெம்புகோல் மூன்றும் மாற்றக்கூடியவையா என்று கேளுங்கள். பிடி மட்டும் மாறினால் போதாது.

சரியான நிலை கிடைத்ததும் ஒவ்வொரு திருகாணியின் அளவையும் கொப்பியில் எழுதி, கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

ட்ரிகரும் குறிகளும்

ட்ரிகர் பாரம் இந்தப் போட்டியில் எவ்வளவும் குறைவாக இருக்கலாம்; பெரும்பாலானோர் 50 முதல் 100 கிராமுக்குள் வைக்கிறார்கள். தொடக்கத்தில் 100 கிராமில் வைப்பது பாதுகாப்பு. இரண்டு நிலைகள் இருக்க வேண்டும்: முதல் இழுப்பு வழுவழுப்பாகப் போய் ஒரு சுவரில் நிற்க வேண்டும், பிறகு அசைவே தெரியாமல் உடைய வேண்டும். காற்றில்லாமல் ட்ரிகரை மட்டும் பழகும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சுடுதளம் கிழமைக்கு ஒருநாள்தான் கிடைக்கும் இடத்தில், மற்ற நாட்களின் பயிற்சி முழுவதும் வீட்டுச் சுவரைப் பார்த்த அந்தப் பயிற்சியில்தான் நடக்கும்.

டயொப்டரை ஒரு பக்கம் பத்துக் கிளிக் திருப்பி, மறுபக்கம் பத்துக் கிளிக் திருப்பிச் சுட்டால் பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் தேய்ந்துவிட்டது. முன் வளையத்தைச் சிறிதாக வைத்தால் துல்லியம் கூடும் என்ற எண்ணம் பிழை. கறுப்பு வட்டம் 30.5 மி.மீ.; அதைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரியாவிட்டால் கண் நடுவைத் தேடித் தேடிக் களைத்து, சுடும் நேரம் நீண்டுபோகும்.

பாவித்த றைபிளைச் சோதிக்கும் முறை

முதலில் சிலிண்டரில் பொறித்துள்ள திகதி. உற்பத்தியாளர்கள் கொடுக்கும் பாவனைக் காலம் பொதுவாக 10 ஆண்டுகள். அது கடந்துவிட்டால் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். காலம் கடந்த சிலிண்டரில் காற்று அடைத்துக் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நிரப்பிய அமுக்கத்தை எழுதிவைத்து, 24 மணித்தியாலம் கழித்து அதே நேரத்தில் பாருங்கள். நேரம் முக்கியம்: வெப்பம் 10 பாகை குறைந்தாலே 200 பாரில் ஏறத்தாழ 7 பார் இறங்கிக் காட்டும், அது கசிவு அல்ல. காலைக்குக் காலை பார்த்தும் இறங்கினால் ஓ-றிங் போயிருக்கிறது. அது சிறிய திருத்தம்தான், ஆனால் விலையில் தெரிய வேண்டும்.

வேகமானி கிடைத்தால் இருபது சுடு சுட்டுப் பாருங்கள். 170 மீற்றர்/செக்கன் அளவில் வருவது வழமை. வேகத்தின் அளவைவிட அதன் வித்தியாசமே முக்கியம். 10 மீற்றர் போவதற்குள் பெலட் 18 மி.மீ. அளவில் கீழே விழுகிறது. வேகம் 3 சதவீதம், அதாவது 5 மீற்றர் மாறினால் விழும் இடம் 1 மி.மீ.க்கு மேல் மாறும். நாலு தசமப் புள்ளி போய்விடும். கூடிய வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் இடையில் 3 மீற்றருக்கு மேல் இருந்தால் றெகுலேட்டர் திருத்தம் கேட்கிறது. முதல் சுடு மட்டும் வேகமாகவும் மற்றவை சீராகவும் வந்தால், றெகுலேட்டர் மெல்லக் கசிகிறது என்று பொருள்.

குழல் வாயின் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஒரு சிறு நெளிவு போதும், வெளியேறும் காற்று ஒரு பக்கம் முந்திப் பெலட்டைத் தள்ளிவிடும். இரும்புக் கம்பியால் வாய்ப்பக்கமிருந்து துப்புரவு செய்த குழல்களில் இந்தக் காயம் இருக்கும்.

பெலட் தேர்வு, எல்லாவற்றிலும் பெரிய வேலை

ஒரே மொடல், அடுத்தடுத்த இலக்கமுள்ள இரண்டு றைபிள்கூட வெவ்வேறு பெலட்டை விரும்பும். தட்டைத் தலைப் பெலட்தான் போட்டிக்கு, நிறை 0.53 கிராம் அளவில். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அன்ட் என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி மேட்ச் ஆகியவை தெரிந்த பெயர்கள். ஒவ்வொன்றும் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவில் பிரித்து வரும். அந்த நூற்றில் ஒரு பங்கு மில்லிமீற்றர் உண்மையாகவே வித்தியாசம் செய்கிறது.

சோதனை இப்படி: உறுதியான மேசை, மணல் நிரப்பிய இரண்டு பை, 10 மீற்றரில் தடித்த மட்டை. சிலிண்டரை ஒருபோதும் கிடுக்கியில் இறுக்காதீர்கள். குழலின் நுனியையும் பையில் தாங்கவிடாதீர்கள். புது வகைப் பெலட்டுக்கு மாறும்போது முதல் பத்தைக் கணக்கில் எடுக்காமல் சுட்டுவிடுங்கள், குழலில் பழைய ஈயப் பூச்சு மாற வேண்டும். பிறகு ஒவ்வொரு வகைக்கும் பத்துச் சுடுகள் கொண்ட மூன்று மட்டைகள். துளைக் கூட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து 4.5 மி.மீ.யைக் கழித்தால் நடுவுக்கு நடு அளவு கிடைக்கும். மூன்று சுடுகள் ஒரே துளையில் போனதைப் படம் எடுத்துக் காட்டி விற்பவரை நம்ப வேண்டாம். மூன்று சுடு எந்தக் குழலிலும் ஒருநாள் ஒன்றாக விழும்.

நல்லது கிடைத்ததும் அதே தொகுதி இலக்கத்தில் முடிந்தளவு வாங்குங்கள். ஒரு பேணியில் 500. போட்டி ஒன்றுக்குச் சோதனைச் சுடுகளோடு 80 போகும் என்றால், பேணி ஆறு பயிற்சிக்குத்தான். கிழமைக்கு மூன்று தடவை சுடுபவருக்கு ஆண்டுக்கு 26 பேணி. இந்தக் காசை ஒதுக்காமல் முழுவதையும் றைபிளில் கொட்டியவர்கள், விலை உயர்ந்த றைபிளை அலுமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடற்காற்றில் ஈயம் வெள்ளை பூக்கும். பேணியை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். வெள்ளை பூத்த பெலட்டைக் குழலில் ஏற்றாதீர்கள். பெலட் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது, பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மாரியில், குறிப்பாகக் கார்த்திகை, மார்கழியில், றைபிளை நுரைப்பஞ்சுப் பெட்டிக்குள் நாட்கணக்கில் பூட்டி வைத்தால் பஞ்சு பிடித்த ஈரம் உலோகத்தில் துருவாக இறங்கும். துடைத்து, காற்றோட்டமுள்ள பூட்டிய அலுமாரியில் நிறுத்தி வையுங்கள்.

சுடும் இடத்தில் இலக்கின் நடு தரையிலிருந்து 1.40 மீற்றர் உயரம், இலக்கில் 1500 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் றைபிளைச் சோதித்துவிட்டுக் குறியில் பிழை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பிழை கண்ணில் விழுந்த வெளிச்சத்தில் இருந்தது. பின்னால் பெலட் திரும்பித் தெறிக்காத சரிந்த இரும்புப் பொறி இருக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் எவரும் சுடுகோட்டில் நிற்கக் கூடாது.

எங்கள் நாட்டிலிருந்து தெஹானி எகொடவெல இந்தப் போட்டியில்தான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார். 10 மீற்றர் நீளமுள்ள ஒரு மண்டபமும் ஒழுங்காகத் தேர்ந்த ஒரு றைபிளும் இருந்தால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாதை திறந்ததுதான்.

காசு கைமாறும் நாளில் மேசையில் இருக்க வேண்டியவை: நிரப்பும் இணைப்பு, அறுகோணச் சாவிகள், ஓ-றிங் தொகுதி, முன் வளையங்கள், சிலிண்டரின் ஆவணம், தொழிற்சாலையின் சோதனை இலக்கு மட்டை. நிரப்பும் இணைப்பு கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும். அது இல்லாமல் வாங்கினால் றைபிள் வீட்டில், காற்று வெளிநாட்டில் என்ற நிலைதான். கடைசியாக, குழலில் பொறித்த தொடரிலக்கத்தை அனுமதிப் பத்திரத்தில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக, வெளிச்சத்தில் வைத்து, விற்பவரையும் வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பத்திரம் திருத்தி வரும்வரை றைபிள் விற்பவரிடமே இருக்கட்டும்.